குறிப்பும் வரிப்படமும்: வன்னியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆராயப் புகுவோர் குளங்களைப் பற்றியே முதலிற் பேசுவது வழக்கம். அவ்வழக்கத்திற்கு நியாயமும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை நோக்கினால் குளம் என முடியும் பெயர்கள் மலிந்து கிடப்பதைக் காணலாம். ஆயினும் இக்கட்டுரை குளங்களின் வரலாற்றைக் கூற எழுந்ததன்று. மனிதர் கூடிப் பேசியவை எவ்வாறு குறிப்புகளாயின, அக்குறிப்புகள் எவ்வாறு கோடுகளாயின, இன்று அவ்வேலையை மென்பொருள் வடிவமைப்புத் துறையிலே செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொள்ளும்போது நாம் பெறுவது யாது, இழக்கக்கூடியது யாது என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும். குளம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. ஏனெனில் வன்னியிலே சொல்லைக் கோடாக மாற்றும் கலை முதன்முதல் விரிவாகப் பயன்பட்டது குளங்களின் பொருட்டேயாகும்.

சொல்லும் கோடும்

பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே வன்னியைப் பற்றி எழுந்த ஆவணங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று சொற்களால் ஆனது. ஜே. பி. லூயிஸ் என்னும் நிருவாகி 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இவ்வகையைச் சேர்ந்தது. மற்றையது கோடுகளால் ஆனது. 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் படங்களும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் வரைந்த திட்டப்படங்களும் இவ்வகையின. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவிலே பெருங்குளம் அமைப்பதற்கான திட்டத்தை ஹென்றி பார்க்கர் என்னும் பொறியியலாளர் 1885ஆம் ஆண்டில் வகுத்தார். வேலை 1902ஆம் ஆண்டில் ஆரம்பமாகி ஏறத்தாழ இரு தசாப்தங்களில் நிறைவெய்திற்று. இதே பார்க்கர் பின்னர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட புராதன இலங்கை பற்றிய நூலிலே பழைய குளங்களின் கட்டுகளையும் துருசுகளையும் அளந்து விவரித்திருப்பதையும், 1930களின் நடுப்பகுதியில் ஆர். எல். புரோகியர் இலங்கையின் புராதன நீர்ப்பாசன வேலைகளைத் தொகுத்து வெளியிட்டதையும் வரலாற்று மாணவர் அறிவர்.

இவ்விரு வகை ஆவணங்களுக்குமிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சொல் ஐயத்தைத் தாங்கும், கோடு தாங்காது. "கட்டு வடக்கே காட்டுக்குள் சிறிது தூரம் செல்கின்றது" என்று எழுதிவிடலாம். "ஊரார் இவ்வாறு கூறுவர்" என்று பொறுப்பைப் பிறர்மேற் சார்த்தியும் எழுதலாம். ஆனால் அதே கட்டை வரையப் புகுந்தவன் கோட்டை ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடித்தே ஆகவேண்டும். எங்கே முடிப்பது என்று தெரியாதபோது அவன் மீண்டும் குளக்கட்டுக்குச் சென்று அளக்க நேர்கிறது. ஊரிலே முதியவரை அழைத்துக் கேட்க நேர்கிறது. இவ்வாறு மீண்டும் சென்று கேட்கவேண்டிய கட்டாயமே வரைதல் என்னும் தொழிலின் மறைமுகமான பெரும்பயன் எனலாம். படம் என்பது அறிந்ததைக் காட்டும் கருவி மட்டுமன்று. அறியாததை அறியச் செய்யும் கருவியுமாகும்.

கைத்தொழிலிலிருந்து கணினிக்கு

கணினித் துறையிலே வரிப்படங்கள் தோன்றிய வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது. 1921ஆம் ஆண்டிலே பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் ஆகிய இருவரும் தொழிற்சாலை வேலைகளைப் படிப்படியாகப் பிரித்துக் குறியீடுகளாற் காட்டும் முறையை அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில் முன்வைத்தனர். 1947ஆம் ஆண்டிலே ஹேர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜோன் வொன் நியூமனும் கணிப்புப் பொறிக்கு நிரல் எழுதுமுன் அதன் ஓட்டத்தைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரையும் முறையை விளக்கினர். 1976ஆம் ஆண்டிலே பீற்றர் சென் நிலைபொருள்களையும் அவற்றினிடையேயுள்ள உறவுகளையும் பெட்டிகளாலும் கோடுகளாலும் காட்டும் முறையை வெளியிட்டார். 1970களின் பிற்பகுதியில் தரவுப் பாய்ச்சல் வரிப்படங்கள் பரவின. பல்வேறு குறியீட்டு முறைகள் போட்டியிட்ட நிலை 1997ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி ஏற்கப்பட்டதோடு ஓரளவு நீங்கிற்று. இம்மொழியை யூ.எம்.எல். எனச் சுருக்கி வழங்குவர்.

இவ்வரலாற்றிலே மொழி பயில்வோர் சிறப்பாக நோக்கற்பாலதோர் ஆண்டு 1983 ஆகும். அவ்வாண்டிலே ரசல் அபொட் என்பவர் சாதாரண ஆங்கில வசனத்தில் எழுதப்பட்ட விவரணத்திலிருந்து நிரலின் வடிவத்தைப் பெறும் வழியொன்றைக் கூறினார். பெயர்ச்சொற்கள் பொருள்களாகும்; வினைச்சொற்கள் அப்பொருள்கள் செய்யும் செயல்களாகும் என்பது அவர் வழியின் சாரம். அதே ஆண்டிலே பீற்றர் சென்னும் ஆங்கில வசன அமைப்புக்கும் தமது வரிப்படத்துக்கும் உள்ள ஒப்புமையை ஆராய்ந்தார். பெயரியல் என்றும் வினையியல் என்றும் இயல் வகுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பயின்ற நமக்கு இவ்வழி அந்நியமானதன்று. வசனத்தின் இலக்கணமே வரிப்படத்தின் எலும்புக்கூடு என்பதை இவ்விருவரும் கண்டனர். பிற்காலத்தில் இயந்திரம் குறிப்பைப் படித்துப் படம் வரையலாம் என்ற எண்ணத்திற்கு இது ஒரு முன்னோடி எனலாம்.

இதற்கு இணையாக வேறொரு மரபும் வளர்ந்தது. வடிவமைப்பு என்பது தனியொருவன் மேசையிலிருந்து செய்வதன்று, பலர் கூடிப் பேசிச் செய்வது என்பதே அம்மரபு. 1989ஆம் ஆண்டிலே கென்ற் பெக், வோர்ட் கனிங்ஹாம் ஆகியோர் சிறு அட்டைகளில் ஒவ்வொரு பொருளின் பொறுப்பையும் எழுதி மேசைமேற் பரப்பிக் கலந்துரையாடும் முறையை அறிமுகஞ் செய்தனர். 2013ஆம் ஆண்டளவில் அல்பேர்ட்டோ பிரண்டோலினி என்னும் இத்தாலியர், ஒரு நிறுவனத்தில் நிகழும் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் ஒட்டுத்தாள்களில் எழுதி நீண்ட சுவரிலே கால ஒழுங்கில் ஒட்டும் செயலமர்வு முறையைப் பரப்பினார். பொறியியலாளரும் அலுவலரும் பாவனையாளரும் ஒரே சுவரின் முன் நின்று "இது அதற்கு முன்னா, பின்னா?" என வாதிடுவதே அச்செயலமர்வின் உயிர். செயலமர்வு முடிந்தபின் எஞ்சுவன புகைப்படங்களும் குறிப்பேடுகளும் ஒட்டுத்தாட் குவியலுமே. அவற்றைச் செம்மையான வரிப்படமாக்கும் சலிப்பூட்டும் வேலை பெரும்பாலும் குழுவிலே இளையவன் தலையில் விழும்.

அவ்வேலையைத்தான் இன்று இயந்திரம் செய்கின்றது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த பிளான்ற்யூஎம்எல், 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மேர்மெயிட் ஆகிய கருவிகள், பெட்டிகளையும் கோடுகளையும் கையால் வரையாது சில வரி எழுத்தாகத் தட்டச்சுச் செய்தாலே படமாக்கித் தந்தன. படம் எழுத்தாயிற்று, எழுத்தை எழுதக்கூடிய இயந்திரம் வந்தால் அது படத்தையும் வரையும் என்பது இதனால் உறுதியாயிற்று. 2022 நவம்பரிலே சற்ஜிபிரி வெளியாயிற்று. 2023ஆம் ஆண்டில் இத்தகைய மாதிரிகள் படங்களையும் படிக்கத் தொடங்கின. அதன்பின் வெண்பலகையின் புகைப்படத்தையோ தட்டச்சுச் செய்த குறிப்பையோ கொடுத்து வரிப்படம் கேட்டால் சில கணங்களில் அது கிடைக்கின்றது. இயந்திரம் குறிப்பிலிருந்து செய்வோரையும் செயல்களையும் ஒழுங்கையும் பிரித்தெடுக்கின்றது, அவற்றை மேர்மெயிட் போன்றதொரு மொழியில் எழுதுகின்றது, அவ்வெழுத்து படமாகின்றது. 1983இல் அபொட் கையாற் செய்யச் சொன்னதை இயந்திரம் தன் வழியிற் செய்கின்றது எனலாம்.

தோன்றா எழுவாய்

வன்னியிலும் இக்கலை பயிலப்படுகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கே கணினிப் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றது. 1991ஆம் ஆண்டில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997ஆம் ஆண்டில் வளாகமாகி, 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது வவுனியாப் பல்கலைக்கழகம். இவ்விடங்களில் மென்பொருள் பயிலும் நம் நண்பர்கள் நாளை வரையப்போகும் வரிப்படங்கள் வேறு நாட்டு வங்கிகளுக்கும் கடைகளுக்கும் மட்டும் உரியனவாக இரா. இம்மண்ணின் நீரையும் நிலத்தையும் பற்றியனவாகவும் அவை அமையும். எனவே ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து நோக்குவோம்.

ஒரு பெருங்குளத்தின் நீர்மட்டத்தைக் கண்காணித்து மக்களுக்கு அறிவிக்கும் மென்பொருளை அமைக்கச் செயலமர்வொன்று நடைபெறுகின்றது எனக் கொள்வோம். நீர்ப்பாசன அலுவலரும் கமக்கார அமைப்பினரும் மாணவரும் கூடியிருக்கின்றனர். முடிவிலே குறிப்பேட்டில் மூன்று வரிகள் எஞ்சுகின்றன: "நீர்மட்டம் குறித்த அளவை எட்டியதும் அறிவிக்க வேண்டும். மழை தொடர்ந்தால் வான்கதவு திறக்கப்படும். தாழ்நிலத்து மக்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தல்."

இம்மூன்று வரிகளையும் இலக்கணக் கண்ணோடு நோக்குக. முதல் வரியில் அறிவிக்க வேண்டியவர் யார் என்பது இல்லை. பாடசாலையில் நாம் தோன்றா எழுவாய் எனப் படித்தது இதுவே. இரண்டாம் வரி செயப்பாட்டு வினை. கதவைத் திறப்பவர் மறைந்துவிட்டார். மூன்றாம் வரி தொழிற்பெயரில் முடிகின்றது. அதில் செய்பவரும் இல்லை, காலமும் இல்லை. "முன்கூட்டியே" என்பது எதற்கு முன்? கதவு திறப்பதற்கு முன்னா, நீர் ஊருக்குள் வருவதற்கு முன்னா? தமிழ் வசனம் இவையனைத்தையும் சொல்லாமலே நிறைவு பெறவல்லது. அது நம் மொழியின் குறையன்று. கூடியிருந்தோர்க்கு யாவும் விளங்கும் என்ற நம்பிக்கையில் எழும் சுருக்கம் அது.

ஆனால் வரிப்படத்திலே தோன்றா எழுவாய்க்கு இடமில்லை. அம்பு ஒன்று புறப்பட வேண்டுமாயின் அது ஒரு பெட்டியிலிருந்தே புறப்பட வேண்டும். அப்பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். மனிதன் வரையும்போது இவ்விடத்திலே எழுதுகோல் நிற்கின்றது. "கதவைத் திறக்கும் முடிவை எடுப்பவர் யார், ஐயா?" என்று அவன் அலுவலரைக் கேட்கின்றான். அலுவலர் சற்றுத் தயங்குகின்றார். கமக்காரர் ஒருவர் வேறு பதில் கூறுகின்றார். அப்போதுதான் அக்கேள்விக்கு அங்கிருந்த எவரிடமும் ஒருமித்த விடை இல்லை என்பது வெளியாகின்றது. செயலமர்வின் பயனுள்ள பகுதி அந்தக் கணத்திலேயே ஆரம்பமாகின்றது.

இயந்திரத்தின் எழுதுகோல் பெரும்பாலும் நிற்பதில்லை. தான் கற்ற கோடிக்கணக்கான பக்கங்களில் இத்தகைய இடங்களில் வழக்கமாக எப்பெட்டி வரும் என்பதை வைத்து அது ஒரு பெட்டியை நிரப்பிவிடுகின்றது. "கட்டுப்பாட்டு அலுவலர்" என்றோ "தன்னியக்க முறைமை" என்றோ பெயரிடுகின்றது. கதவு திறப்பதை முதலிலும் குறுஞ்செய்தியைப் பின்னரும் வைத்து அம்பு இடவும் கூடும். படம் அழகாக இருக்கின்றது; கோடுகள் நேராக இருக்கின்றன; விடுபட்ட இடம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. குறிப்பிலே வெற்றிடமாக இருந்தது படத்திலே முடிவாகிவிடுகின்றது. அம்முடிவை எடுத்தவர் எவருமிலர்.

இது வீண் அச்சமன்று. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பிற்பகுதியிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தை வன்னி மக்கள் மறந்திலர். வெள்ளக் காலத்தில் ஓர் அம்பு மற்றோர் அம்புக்கு முன்னா, பின்னா என்பது தாளிலுள்ள அழகுப் பிரச்சினையன்று. இரவோடிரவாக மாட்டை அவிழ்த்துவிட நேரம் கிடைத்ததா, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற நேரம் கிடைத்ததா என்பதே அதன் பொருள்.

பழைய வரிசையின் நிழல்

நிரப்பப்படும் வெற்றிடம் எதனால் நிரப்பப்படுகின்றது என்ற வினாவும் எழுகின்றது. இயந்திரம் கற்றது கடந்தகாலத்தின் எழுத்துகளை. எனவே அதன் ஊகத்திற் கடந்தகாலத்தின் நிழல் விழும். இதற்கும் வன்னியின் வரலாற்றிலேயே சான்று காட்டலாம்.

வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டன. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து உறவினருள் யாருக்கு உரிமை செல்லும் என்பதை அச்சட்டத்தின் அட்டவணையொன்று வரிசைப்படுத்திற்று. அவ்வரிசையில் மகன்மார் மகள்மாருக்கு முன்னே வைக்கப்பட்டனர். அட்டவணையும் ஒருவகை வரிப்படமே. அதனை வரைந்தோர் அகன்ற பின்னரும் அவர் இட்ட வரிசை எத்தனையோ குடும்பங்களின் வாழ்வை நிர்ணயித்தது. பெண்களுக்குப் பாதகமான அவ்வேறுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீக்கப்பட்டது. ஒரு வரிசையைத் திருத்த 87 ஆண்டுகள் சென்றன.

இனி, காணிப் பதிவுக்கான மென்பொருட் செயலமர்வொன்றில் "அனுமதிப்பத்திரகாரர் இறந்தால் வாரிசுக்கு" என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். வாரிசு யார் என இயந்திரம் ஊகிக்குமாயின், 2022க்கு முற்பட்ட எழுத்துகளே மிகுதியாக இருக்கும் உலகில் அவ்வூகம் பழைய வரிசையின்பாற் சாய இடமுண்டு. அவ்வாறே "குடும்பத் தலைவர்" என்ற பெட்டிக்குள் ஓர் ஆண் தானாகவே வந்து அமரவும் இடமுண்டு. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெண்கள் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கும் வீடுகள் வன்னியில் எத்துணை என்பதை இங்கு வாழ்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சட்டம் திருத்தப்பட்டதைப் பத்திரிகை வெளியிடும், வர்த்தமானி வெளியிடும். வரிப்படத்துக்குள் மீண்டும் நுழைந்த பழைய வரிசையை எவரும் வெளியிடார். அது நிரலாகி, நிரல் கணினித் திரையாகி, ஒரு நாள் அலுவலகத்தின் யன்னலோரத்தில் நிற்கும் பெண்ணிடம் "முறைமை அனுமதிக்கவில்லை, அம்மா" என்ற விடையாக வெளிப்படும்.

செய்யத்தக்கது

இவற்றைக் கூறுவதால் இக்கருவியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது எமது கருத்தன்று. அவ்வாறு கூறுவது நியாயமுமாகாது. வரிப்படம் வரையும் விலையுயர்ந்த மென்பொருள்களுக்கும் அவற்றைக் கற்பிக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் தொலைவிலிருந்து பயிலும் மாணவனுக்கு, தன் குறிப்பு சில கணங்களில் படமாகக் கிடைப்பது பெருந்துணையே. மேலும், சொல்லாகக் கிடந்தபோது கவனிக்கப்படாத முரண்பாடு படமானவுடன் கண்ணுக்குத் தெரிவதும் உண்டு. மேர்மெயிட் போன்ற மொழியில் அமைந்த படம் எழுத்தாகவே சேமிக்கப்படுவதால், நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரிவரியாக ஒப்பிடவும் முடிகின்றது. வரலாற்று மாணவன் இதனை விரும்பாதிரான். பழைய திட்டப்படங்களில் ஒரு கோடு எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க அவன் படும் பாடு அவனுக்கே தெரியும்.

எனினும் மூன்று காரியங்கள் இன்றியமையாதன. முதலாவது, இயந்திரத்திடம் படத்தைக் கேட்குமுன் வினாக்களைக் கேட்க வேண்டும். "இக்குறிப்பில் செய்பவர் கூறப்படாத செயல்கள் எவை? ஒழுங்கு கூறப்படாத நிகழ்ச்சிகள் எவை?" என்று கேட்டால் அது பட்டியலிட்டுத் தரவல்லது. தோன்றா எழுவாயைத் தானே நிரப்பும் அதே கருவியைக்கொண்டு அதனைத் தேடிக் காட்டச் செய்யலாம். இரண்டாவது, ஊகித்து இட்ட பெட்டியையும் குறிப்பிலிருந்து வந்த பெட்டியையும் படத்திலேயே வேறுபடுத்திக் காட்ட வேண்டும். நிலப்படத்தில் அளக்கப்படாத எல்லையை விட்டுவிட்ட கோட்டாற் காட்டுவது போன்றது இது. மூன்றாவது, படம் முடிந்தபின் அதனைச் செயலமர்வுக்கு வந்தோர் முன்னிலையில், அவர்கள் பேசும் மொழியில், வசனமாகத் திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும். "அலுவலர் கதவைத் திறந்தபின் மக்களுக்கு அறிவிப்பார்" என்று உரக்கப் படித்தால், பெட்டிகளையும் அம்புகளையும் ஒருபோதும் கண்டிராத கமக்காரரும் "இல்லைத் தம்பி, அது பிழை" என்று கூறிவிடுவார். சொல்லிலிருந்து பிறந்த படம் மீண்டும் சொல்லாகும்போதுதான் அது சரியா, பிழையா என்பது தெரியும்.

இம்மூன்றாவது காரியம் வன்னிக்குப் புதியதன்று. போகத்துக்குப் போகம் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் மறிப்பது, எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகம் என்பன அலுவலரும் கமக்காரரும் கூடியிருக்கும் அவையிலேயே முடிவாகின்றன. அலுவலகத்திலே தயாரித்த அட்டவணை கூட்டத்திலே மாற்றம் பெறுவதும் உண்டு. திட்டத்தை அதற்குரியோர் முன்னிலையில் வாசித்து ஒப்புதல் பெறும் இம்மரபு, மென்பொருள் வடிவமைப்பாளர் கற்றுக்கொள்ளவேண்டியதொன்றாகும்.

கில்பிரெத் காலத்திலிருந்து நூறு ஆண்டுகளாக வரிப்படம் வரைவதை எளிதாக்கவே பொறியியலாளர் முயன்று வந்தனர். அம்முயற்சி இன்று வெற்றியெய்திவிட்டது. வரையும் உழைப்பு நீங்கியது நன்றே. ஆனால் அவ்வுழைப்பினூடே நிகழ்ந்த கேள்வியும் அதனோடு நீங்கிவிடலாகாது. எழுதுகோல் நின்ற இடங்களிலேதான் மனிதர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். இனி எழுதுகோல் தானாக நிற்காது. அதை நாமே நிறுத்த வேண்டும். கலைப்பீடத்தில் இலக்கணமும் வரலாறும் பயில்வோர்க்கும் பொறியியற் பீடத்தார்க்கும் பொதுவாக ஒரு வேலை உண்டாயின் அது இதுவேயாகும்: ஒவ்வொரு குறிப்பிலும் எழுவாய் எங்கே என்று கேட்பது.